காப்பீடு வண்டிக்கா, ஆளுக்கா? இந்திய உரிமத்தோடு பிரிட்டன் போகிறவர் முன் உள்ள வழிகள்

அக்கா மகனுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவியையும் நான்கு வயது மகளையும் கூட்டிக்கொண்டு இன்னும் இரண்டு மாதத்தில் புறப்படுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவன் வாடகையைப் பற்றியோ குளிரைப் பற்றியோ கேட்கவில்லை. "நம் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே காருக்கு இன்சூரன்ஸ் எடுக்க முடியுமா சித்தி? இல்லை, அங்கே லைசென்ஸ் எடுத்த பிறகுதான் கார் வாங்க வேண்டுமா?" என்றுதான் கேட்டான். நானும் கணவரும் 2021 முதல் 2024 வரை இங்கிலாந்தின் ரெடிங் நகரில் இருந்தவர்கள். இதே கேள்வியைச் சரியாகக் கேட்காமல் போனதால் நாங்கள் பட்ட அலைச்சல் நினைவில் இருக்கிறது. அவனிடம் மூன்று மணி நேரம் பேசியதை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

எந்த வழி நல்லது என்று பார்ப்பதற்கு முன் ஒன்றை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இந்தியாவில் காப்பீடு வண்டியைத் தொடர்ந்து போகிறது. இங்கே ஒரு காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு, அதாவது நம் காரால் அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கான காப்பீடு, எடுக்கும்போது என்ன கேட்கிறார்கள்? இன்ஜின் எத்தனை சிசி என்றுதான். 1000 சிசிக்கு உட்பட்ட கார் என்றால் ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 வரை என்றால் 3,416 ரூபாய் என்று 2022இல் அரசு அறிவித்த கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஓட்டப்போவது இருபது வயதுப் பையனா, ஐம்பது வயது ஆசிரியையா என்பது அந்தத் தொகையை மாற்றுவதில்லை. செல்லத்தக்க உரிமம் உள்ள யார் உரிமையாளரின் அனுமதியோடு ஓட்டினாலும் பொதுவாகக் காப்பீடு செல்லும். மைத்துனர் காரை வாங்கிக்கொண்டு ஓசூருக்கோ கிருஷ்ணகிரிக்கோ போய்வரும் வழக்கம் இதனால்தான் நமக்குச் சாதாரணமாக இருக்கிறது.

பிரிட்டனில் காப்பீடு ஆளைத் தொடர்ந்து போகிறது. பாலிசியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓட்டலாம். வயது, தொழில், உரிமம் எந்த நாட்டுடையது, எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, பிரிட்டனில் எத்தனை மாதமாக வசிக்கிறீர்கள், இரவில் கார் எங்கே நிற்கும், ஆண்டுக்கு எத்தனை மைல் ஓடும், அலுவலகத்துக்கு அதில் போவீர்களா என்று எல்லாம் கேட்டுத்தான் விலை சொல்வார்கள். அலுவலகம் போய்வருவதைச் சொல்லாமல் சொந்தப் பயன்பாடு என்று மட்டும் எடுத்துவிட்டுத் தினமும் அலுவலகத்துக்கு ஓட்டுவதும் தவறு. காரும் கணக்கில் வரும். கார்களை 1 முதல் 50 வரை தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள், சின்ன எண் என்றால் காப்பீடு மலிவு. ஆனாலும் முதலில் எடைபோடப்படுவது நீங்கள்தான். உரிமக் கேள்வியும் காப்பீட்டுக் கேள்வியும் அங்கே தனித்தனி அல்ல.

உரிமத்தின் நிலை இது. இந்திய உரிமம் செல்லத்தக்கதாக இருந்தால், பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அதை வைத்தே ஓட்டலாம். எல் பலகை வேண்டாம், பக்கத்தில் யாரும் உட்கார வேண்டாம். 12 மாதம் முடிந்த மறுநாள் அந்த அட்டையால் அங்கே பயனில்லை. நடுவில் பொங்கலுக்கு ஊருக்கு வந்து திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று சிலர் நம்புகிறார்கள். குடியிருப்பு அங்கே தொடரும் வரை அப்படி எதுவும் கிடையாது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளில் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள் அதைக் கொடுத்துவிட்டு பிரிட்டன் உரிமமாக மாற்றிக்கொள்ளலாம், அதற்கு ஐந்து ஆண்டு அவகாசமும் உண்டு. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. நாம் எழுத்துத் தேர்விலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இருபது ஆண்டு ஓட்டியவருக்கு இது வருத்தமாகத்தான் இருக்கும். என் கணவருக்கும் இருந்தது.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பற்றியும் அவன் கேட்டான். இங்கே ஆர்.டி.ஓ. வழியாக 1,000 ரூபாய் கட்டணத்தில், ஓராண்டுக்குத் தருகிறார்கள். கர்நாடக உரிம அட்டையில் விவரங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் பிரிட்டனில் ஓட்ட அது தேவைப்படாது. அது உரிமத்தின் மொழிபெயர்ப்பு மட்டுமே. அதைக் காட்டினால் பிரீமியம் ஒரு பவுண்டுகூடக் குறையாது. வாடகைக் கார் கடைகளில் சில கேட்கும், ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போனால் உதவும். அந்த அளவுக்கு மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இனி வழிகள். பெரிய வழிகள் இரண்டு. போனவுடன் இந்திய உரிமத்தோடு கார் வாங்கிக் காப்பீடு எடுப்பது ஒன்று. பிரிட்டன் உரிமம் கையில் வந்த பிறகே கார் வாங்குவது மற்றொன்று. மற்றவை எல்லாம் இடைக்கால ஏற்பாடுகள்.

முதல் வழியில் காப்பீடு கிடைக்கும். ஆனால் கதவுகள் குறைவு. விலை ஒப்பிடும் இணையதளத்தில் உரிம வகை என்ற இடத்தில் வெளிநாட்டு உரிமம் என்று தேர்ந்தெடுத்தவுடன் நிறுவனங்களின் பட்டியல் சுருங்கும், விலை ஏறும். 2024இல் பிரிட்டனில் தனியார் காருக்கான சராசரி ஆண்டுப் பிரீமியம் 600 பவுண்டுக்குச் சற்று மேல். வந்து ஒரு மாதம் ஆன இந்தியருக்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகவே சொல்வார்கள். இங்கே நாம் சேர்த்து வைத்திருக்கும் 50 சதவீத நோ கிளைம் போனஸை, அதாவது இழப்பீடு கோராமல் இருந்ததற்கான தள்ளுபடியை, பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. சில ஏற்கின்றன. ஆகவே அதற்குச் சான்றான கடிதம் கையில் இருக்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எங்களுக்கு நடந்தது இந்த இடத்தில்தான். உரிம வகைக்கான பட்டியலில் முதல் வரி முழு உரிமம் என்று கணவர் கண்ணில் பட்டது. நம்முடையதும் முழு உரிமம்தானே, பழகுநர் உரிமம் இல்லையே என்று அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அந்த வரி குறித்தது பிரிட்டனின் முழு உரிமத்தை. விலை மலிவாக வந்தது, மகிழ்ச்சியாகப் பணம் கட்டினோம். பத்தாவது நாள் உரிமத்தின் படத்தை அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் வந்தது, அனுப்பினோம். அடுத்த நாளே, தந்த விவரம் பொருந்தவில்லை, பாலிசியை ரத்து செய்யப்போகிறோம் என்று பதில் வந்தது. நல்ல வேளையாக, எடுத்த 14 நாளுக்குள் நாமே விலகிக்கொள்ளும் உரிமை அங்கே உண்டு. தொலைபேசியில் ஒரு மணி நேரம் காத்திருந்து நாங்களே விலகிக்கொண்டோம். நிறுவனம் ரத்து செய்திருந்தால், அடுத்து யாரிடம் போனாலும் "உங்கள் பாலிசி எப்போதாவது ரத்து செய்யப்பட்டதா?" என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லியாக வேண்டும். விலை இன்னும் ஏறியிருக்கும். சரியான விவரத்தோடு மறுபடி தேடியபோது வந்த தொகை முன்பு கட்டியதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அது நேர்மையான பிழைதான். ஆனால் அதைத் தெரிந்தே செய்பவர்களும் இருக்கிறார்கள், செய்யச் சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். "மோதினால்தானே கேட்பார்கள்" என்பது அவர்களுடைய வாதம். மோதிவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசிக்க வேண்டும். எதிரில் அடிபட்டவருக்கு நிறுவனம் இழப்பீடு கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை நம்மிடம் திருப்பிக் கேட்க அங்கே சட்டம் இடம் தருகிறது. ஒருவர் நடக்க முடியாமல் போனால் அந்தத் தொகை நம் வாழ்நாள் சம்பளத்தைத் தாண்டும். இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

முதல் வழிக்கு ஒரு நன்மை உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. கூடுதல் பணம் கட்டியாவது உங்கள் பெயரில் ஒரு பாலிசியை ஓராண்டு விபத்தில்லாமல் ஓட்டிவிட்டால், பிரிட்டனிலேயே ஓராண்டு இழப்பீடு கோராத தள்ளுபடி உங்கள் கணக்கில் ஏறிவிடும். அதற்குள் பிரிட்டன் உரிமமும் வந்துவிட்டால் இரண்டாம் ஆண்டு விலை நன்றாக இறங்கும். எங்களுக்கு இறங்கியது. காத்திருந்து பிறகு கார் வாங்குபவர் அப்போதுதான் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்.

விலையைக் குறைக்க நாங்கள் செய்தவை சில. குறைந்த தொகுதியில் உள்ள சின்னக் காரைத் தேடி, 2012ஆம் ஆண்டு ஹூண்டாய் ஐ10 ஒன்றை வாங்கினோம். அந்தத் தலைமுறை ஐ10 நம் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் செய்யப்பட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. ரெடிங் மழையில் அந்தக் காரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்ததுபோல இருக்கும். பாலிசி தொடங்கும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே விலை கேட்டோம், கடைசி நாளில் கேட்டால் கூடுதலாகச் சொல்வார்கள். மூன்றாம் தரப்புக் காப்பீடுதான் மலிவு என்று இந்தியக் கணக்கில் நினைத்து அதை மட்டும் பார்க்கக் கூடாது. அங்கே முழுக் காப்பீடு அதைவிடக் குறைவாக வருவதும் உண்டு. மாதத் தவணையில் வட்டி இருப்பதால் முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டிவிட்டோம்.

இரண்டாவது வழி, உரிமம் வரும் வரை காத்திருப்பது. கட்டணத்தைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. நம் எல்.எல்.ஆர். போன்ற தற்காலிக உரிமத்துக்கு இணையத்தில் 34 பவுண்டு, எழுத்துத் தேர்வுக்கு 23, வார நாளில் ஓட்டுநர் தேர்வுக்கு 62. ஆக 119 பவுண்டு. பயிற்சிதான் செலவு, ஒரு மணி நேரத்துக்கு 35 பவுண்டுக்கு மேல் கேட்பார்கள். ஆனால் பணத்தைவிட இங்கே விலை நாட்கள்தான். ஓட்டுநர் தேர்வுக்குப் பல மையங்களில் பல மாதம் கழித்துத்தான் தேதி கிடைக்கிறது. தேர்வு எழுதுபவர்களில் தேறுபவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஒருமுறை தவறினால் மறுபடி தேதி தேட வேண்டும். குழந்தையைப் பள்ளியில் விட நாள்தோறும் மழையில் இருபது நிமிடம் நடப்பதா என்ற கேள்வி அப்போது எழும்.

எழுத்துத் தேர்வில் 50 கேள்விகளுக்கு 43 சரியாக வேண்டும். அதோடு சாலைக் காட்சிகளைத் திரையில் பார்த்து ஆபத்து உருவாகும் கணத்தில் பொத்தானை அழுத்தும் பகுதி, 75க்கு 44. 2014 ஏப்ரலுக்கு முன்பு கேள்விகளைத் தமிழிலும் குரலாகக் கேட்கும் வசதி இருந்தது. இப்போது ஆங்கிலமும் வெல்ஷ் மொழியும் மட்டும்தான். ஆங்கிலம் குறைவாகத் தெரிந்த துணைவியோ அம்மாவோ ஓட்ட நினைத்தால் இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

ஓட்டுநர் தேர்வில் நம்மவர்கள் தவறுவது ஓட்டத் தெரியாததால் அல்ல. பெங்களூரின் நெரிசலான சில்க் போர்டு சந்திப்பில் பத்து ஆண்டு ஓட்டியவருக்கு வண்டியைக் கையாள யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஓட்டி உருவான பழக்கங்கள்தான் காலை வாருகின்றன. ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு நின்று வழிவிட வேண்டும், மூக்கை நுழைத்தால் தேர்வு அங்கேயே முடிந்தது. கண்ணாடியைப் பார்க்கிறோம் என்பது தேர்வாளருக்குத் தெரிய வேண்டும். வழித்தடம் மாறும் முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டும். நாம் முன்விளக்கை மின்னவிட்டால் "நான் வருகிறேன், நில்" என்று பொருள். அங்கே அதையே "நீங்கள் போங்கள்" என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரே சைகைக்கு எதிரெதிர்ப் பொருள் இருப்பது தேர்வைவிடச் சாலையில்தான் ஆபத்து. ஆகவே கையில் இருபது ஆண்டு அனுபவம் இருந்தாலும் நான்கைந்து மணி நேரமாவது அங்குள்ள பயிற்சியாளரோடு ஓட்டிப் பாருங்கள். என் கணவர் பயிற்சி வேண்டாம் என்று போய் முதல் தடவை தவறினார். நான் ஆறு மணி நேரம் கற்றுக்கொண்டு போனேன், தேறினேன்.

தானியங்கி கியர் காரில் தேர்வு எழுதித் தேறினால் தானியங்கி மட்டும்தான் ஓட்ட உரிமை. இந்திய உரிமத்தில் அந்தப் பாகுபாடு இல்லாததால் பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கையால் கியர் மாற்றிப் பழகியவர்கள் அதிலேயே எழுதுவது நல்லது.

இடைக்கால ஏற்பாடுகளில் வாடகைக் கார் எளிது. காப்பீடு வாடகையோடு சேர்ந்தே வரும், இந்திய உரிமத்தைப் பல கடைகள் ஏற்கும். மாதத்துக்கு இரண்டு தடவை மட்டும் கார் தேவைப்படும் வீட்டுக்கு இதுவே போதும். சேதம் ஏற்பட்டால் நம் பங்காக எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை மட்டும் கையெழுத்துக்கு முன் படித்துவிட வேண்டும்.

அடுத்தவர் காரை இரவல் வாங்கி ஓட்டும் நம் வழக்கத்தைப் பற்றி முன்பே தொட்டேன். ரெடிங்கில் எங்களோடு பழகிய ஒரு குடும்பம் இதில் மாட்டியது. அவசரத்துக்கு நண்பருடைய காரை எடுத்துக்கொண்டு போனார் அவர். காருக்குக் காப்பீடு இருந்தது, அவர் பெயர் அதில் இல்லை. வழியில் போலீஸ் நிறுத்திச் சோதித்தபோது அது தெரிந்து, காரைக் கைப்பற்றிவிட்டார்கள். காப்பீடு இல்லாமல் ஓட்டினால் அங்கேயே 300 பவுண்டு அபராதமும் 6 தண்டனைப் புள்ளிகளும். நண்பர்கள் இருவரும் நெடுநாள் பேசிக்கொள்ளவில்லை. இதை ஒழுங்காகச் செய்ய இரண்டு வழி உண்டு. காரின் உரிமையாளர் தன் பாலிசியில் உங்களைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்க்கலாம், அல்லது சில மணி நேரத்திலிருந்து சில வாரம் வரையிலான குறுகிய காலக் காப்பீட்டை நீங்களே எடுக்கலாம். வெளிநாட்டு உரிமத்தை ஏற்கும் குறுகிய காலப் பாலிசிகள் இருக்கின்றன, விலை கூடுதல். ஆனால் உண்மையில் தினமும் ஓட்டுவது நீங்களாக இருக்க, முதன்மை ஓட்டுநர் என்று அனுபவமுள்ள உறவினர் பெயரைப் போடுவது மோசடியாகக் கருதப்படும். அன்பின் பெயரால் அண்ணனோ மாமாவோ அப்படிச் செய்ய முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், அது ஊரைப் பொறுத்தது. லண்டன், மான்செஸ்டர், லீட்ஸ் போன்ற இடத்தில், பஸ்ஸும் ரயிலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வீட்டுக்குப் போகிறவர் கார் வாங்காமல் காத்திருப்பதே நல்லது. காரின் விலை, காப்பீடு, சாலை வரி, நிறுத்துமிடக் கட்டணம் எல்லாம் மிஞ்சும். ரெடிங்கில் நகர சபைக்குச் சொந்தமான பஸ் சேவை அருமையானது, நாங்களும் காத்திருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். அக்கா மகன் நிலைமை வேறு. அவன் அலுவலகம் வாரிக் நகருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. பஸ் குறைவு, கையில் சின்னக் குழந்தை. அவன் இந்திய உரிமத்தோடு சின்னக் கார் ஒன்று வாங்கி, கூடுதல் பிரீமியத்தைக் கட்டிவிட வேண்டியதுதான்.

ஆனால் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று சொல்வேன், இதைத்தான் அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த 12 மாதத்தை ஓட்டுவதற்குத் தந்த சலுகை என்று எண்ணக் கூடாது, தேர்வுக்குத் தந்த அவகாசம் என்று எண்ண வேண்டும். முகவரி கிடைத்த முதல் மாதமே தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பம், இரண்டாம் மாதம் எழுத்துத் தேர்வு, அது தேறிய அன்றே ஓட்டுநர் தேர்வுக்குத் தேதி. எழுத்துத் தேர்வுச் சான்று இரண்டு ஆண்டு செல்லும் என்பதால் அவசரப்பட்டு எழுதினாலும் நட்டமில்லை. தற்காலிக உரிமம் எடுத்த பிறகும் 12 மாதம் முடியும் வரை இந்திய உரிமத்தில் தனியாக ஓட்டலாம், எல் பலகை தேவையில்லை. ஆனால் இரண்டு உரிமங்கள் இருப்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும், தேறிய அன்றும் சொல்ல வேண்டும். பதினொன்றாம் மாதம் வரை தள்ளிப்போட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். வாசலில் கார் நிற்கும், காப்பீடு ஓடிக்கொண்டிருக்கும். ஓட்ட மட்டும் முடியாது. எல் பலகையை மாட்டிக்கொண்டு, மூன்று ஆண்டு உரிமம் உள்ள, 21 வயது தாண்டிய ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பெங்களூரை விட்டுப் புறப்படும் முன் இங்கேயே முடிக்க வேண்டிய வேலைகளும் இருக்கின்றன. உரிமம் அந்த ஓராண்டுக்குள் காலாவதி ஆகுமா என்று பார்க்க வேண்டும். புதுப்பித்த அட்டையில் முதன்முதலில் உரிமம் பெற்ற தேதி தெளிவாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எத்தனை ஆண்டு அனுபவம் என்பதற்கு அதுதான் சான்று. இங்குள்ள காப்பீட்டு நிறுவனத்திடம், எத்தனை ஆண்டாக இழப்பீடு கோரவில்லை என்பதைத் தலைப்புத்தாளில் எழுதி வாங்க வேண்டும். காரை விற்கும்போது நோ கிளைம் போனஸைத் தக்கவைக்கும் கடிதமும் கேட்டு வாங்கினால், மூன்று ஆண்டுக்குள் திரும்பி வந்து கார் வாங்கும்போது இங்கேயும் செல்லும்.

நம் தமிழ்ப் பெயர்களுக்கென்றே ஒரு சிக்கல் தனியாக இருக்கிறது. உரிமத்தில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே தந்தை பெயர் குடும்பப் பெயராக முழுதாக விரிந்திருக்கும். பிரிட்டனின் தற்காலிக உரிமம் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் வரும். காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாது. எனக்கு இதனால் மூன்று மின்னஞ்சல்களும் இரண்டு வாரமும் வீணாயின.

இதைச் சொன்னதும் அக்கா மகன் பர்ஸிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தான். அதில் முதலெழுத்துதான் இருந்தது. மறுநாள் திங்கட்கிழமையே அரசின் போக்குவரத்துச் சேவைக்கான பரிவாஹன் இணையதளத்தில் பெயர் திருத்தத்துக்கு விண்ணப்பித்துவிட்டான். வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அசல் ஆவணங்களோடு போக வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் கடிதம் கேட்டும் எழுதிவிட்டான், அது இன்னும் வரவில்லை.